எண்ணெய் பெயிண்ட் எல்லா இடத்துக்கும் சரிவராது

‘எண்ணெய் பெயிண்ட்தான் நீடித்து உழைக்கும், சுவருக்கும் அதையே அடிக்கலாம்’ என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். கதவு, ஜன்னல் கம்பி என்றால் சரி. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் அடித்தால் வம்புதான். சிமெண்டில் காரம் அதிகம். ஈரம் இருக்கும்போது காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு செய்கிற அதே வேலை சுவரில் நடக்கும். பெயிண்ட் பிசுபிசுத்து உரிந்து வரும். நீர் பெயிண்ட்டான, அதாவது தண்ணீரில் கலக்கிற அக்ரிலிக் எமல்ஷனுக்கு இந்தத் தொல்லை குறைவு. சுவருக்குள் இருக்கும் ஈரமும் அதன் வழியாக ஆவியாக ஓரளவு வெளியேறும்.

இன்னொன்று. எண்ணெய் பெயிண்ட் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் கெட்டியாகிறது. காய்ந்த பிறகும் அது நிற்பதில்லை. வருடக்கணக்கில் இறுகி, கடைசியில் வெடிப்பு விடும். வெள்ளை நிறமென்றால் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். எங்கள் வீட்டு அலமாரியை நகர்த்தியபோது பின்னால் இருந்த கதவு பழைய பல் மாதிரி இருந்தது!

அதற்காக நீர் பெயிண்ட்டைத் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். வெறும் இரும்பில் நேரடியாக அடித்தால் துருப்புள்ளி எழும்பும், முதலில் துருத் தடுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டும்.

அப்புறம், பழைய எண்ணெய் பெயிண்ட் மேல் எமல்ஷன் அடிப்பவர்கள் பளபளப்பு போக உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் போட்டுவிட்டு அடியுங்கள். இல்லாவிட்டால் தோல் மாதிரி உரியும். பழையது எது என்று தெரியவில்லையா? பஞ்சை ஸ்பிரிட்டில் (ஆல்கஹால்) நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் ஒட்டினால் அநேகமாக நீர் பெயிண்ட்.