குவின் ஹியூஸ் மாற்றத்தில் 'நாலாவது பையன்' யாரும் இல்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வாட்சாப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "வான்கூவர் ஐஸ் ஹாக்கி அணி கேப்டன் குவின் ஹியூஸை மின்னசோட்டாவுக்கு விற்றுவிட்டது. பதிலுக்குப் பெரிய ஆட்டமே ஆடாத நாலு பொடியன்கள். நாலாவது பையன் பெயரை மறைக்கிறார்கள். ரசிகர்கள் கொதிப்பு!"

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் இந்த மாற்றம் நடந்தது உண்மை. கொதிப்பும் நியாயம்தான், 2024-இல் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் விருது வாங்கியவரை விட்டுக்கொடுத்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மற்றதெல்லாம் பிசகு.

வந்தவர்கள் மூவர்: மார்கோ ரோஸி, லியம் ஓக்ரன், ஸீவ் பூயம். ரோஸி புதுமுகமே அல்ல. 2024-25 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் இறங்கி 24 கோல், 36 அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்), மொத்தம் 60 புள்ளிகள் எடுத்தவர். பூயம்தான் நிஜமாகவே இளசு. அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2024-இல் 12-வதாக எடுக்கப்பட்டவர். 'நாலாவது பையன்' என்பது ஆளே இல்லை. 2026 டிராஃப்டின் முதல் சுற்றில் மின்னசோட்டாவுக்கு இருந்த தேர்வு வாய்ப்பு அது. கைமாறிய அன்று அதற்குப் பெயர் கிடையாது, மறைக்கவும் ஒன்றுமில்லை. 'விற்றது' என்பதும் தப்பு: 2026-27 வரையிலான ஹியூஸின் ஒப்பந்தம் அப்படியே அவரோடு போகிறது.

கூடவே வரும் படத்தில் செயற்கைப் புல்லும் வளைந்த முனை மட்டையும் தெரிகின்றன. அது நம்ம ஊர் ஹாக்கி, பனித்தள ஆட்டமல்ல.

என்எச்எல் தளத்தில் வான்கூவர் அணியின் 2025 டிசம்பர் 12 அறிவிப்பைப் பாருங்கள். நமக்கு அப்போது 13-ஆம் தேதி காலை. தயவுசெய்து இனி யாருக்கும் இதை அனுப்பாதீர்கள்.