கணக்கு குறைந்தால் கை நிற்க வேண்டும்

அந்தச் செய்தியை நேற்றிலிருந்து எல்லோரும் அறுவை அரங்குச் செவிலியரான எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் அறுவையின்போது நோயாளியின் வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். செவிலியரைப் பணியிடை நீக்கம் செய்தாகிவிட்டது. அத்தோடு எல்லோருக்கும் நிம்மதி. "எண்ணக்கூடத் தெரியாதவர்களை யார் ஆபரேஷன் தியேட்டருக்குள் விட்டது?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

எண்ணத் தெரியும் ஐயா. கீறுவதற்கு முன், டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸும், சுற்றி வந்து தேவையானதைக் கொண்டுவரும் சர்க்குலேட்டிங் நர்ஸும் சேர்ந்து காஸ் துணி, மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் பெரிய துணி), ஊசி, கருவிகள் எல்லாவற்றையும் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுகிறோம். வயிற்றை மூடும் முன் மீண்டும், தோலைத் தைக்கும்போது மீண்டும். எண்ணுவது எங்கள் வேலைதான். ஆனால் "ஒன்று குறைகிறது" என்று சொன்ன பிறகு கையை நிறுத்த வேண்டியது யார்?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சிசேரியன். நள்ளிரவு தாண்டியிருந்தது. மூடும் நேரத்தில் ஒரு மாப் குறைந்தது. சொன்னேன். "ஒழுங்காக எண்ணுங்கள் சிஸ்டர்" என்றார் டாக்டர். மறுபடி எண்ணிச் சொன்னேன். "உள்ளே எதுவும் இல்லை, பார்த்துவிட்டேன்" என்று தையல் நூலுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. மயக்க மருத்துவர் உட்பட ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்த மாப் நஞ்சுக்கொடியோடு வாளிக்குள் கிடந்தது. அதற்கு நான் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. பிறகு வெகுநாள் அவர் தன் கேஸ்களுக்கு என்னைக் கூப்பிடவே இல்லை. வாளியில் கிடைத்ததால் நான் நிறுத்தியது தவறாகிவிடுமா? எங்கே இருக்கிறது என்று தெரியாத வரை அது வயிற்றுக்குள் இருப்பதாகத்தான் கொள்ள வேண்டும்.

"அவசர அறுவையில் எண்ண ஏது நேரம்?" என்பார்கள். பொருள் உள்ளே தங்கும் ஆபத்து அவசர அறுவையில்தான் பல மடங்கு அதிகம் என்று 2003இல் வந்த அமெரிக்க ஆய்வு சொன்னது. "கணக்கு சரி என்று நர்ஸ்தானே எழுதினார்?" என்பார்கள். எண்ணியும் பொருள் தங்கிவிட்ட நேர்வுகளில் 88 சதவீதத்தில் கணக்கு சரி என்றே பதிவாகியிருந்ததாக அதே ஆய்வில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், எண்ணுவது மட்டும் போதாது. அதனால்தான் மூடும் முன் சர்ஜனும் கைவிட்டுத் துழாவிப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழையை வைத்திருப்பது வேறு எதற்கு?

உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த பாதுகாப்புப் பட்டியல், நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் கணக்கு சரியா என்று செவிலியர் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும் என்கிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அதைப் பின்பற்றியபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமானது. கனடாவின் ஒன்டாரியோவில் பலன் தெரியவில்லையே என்று மடக்குகிறவர்கள் உண்டு. நான் பார்த்த இடங்களில் நோயாளி வார்டுக்குப் போன பிறகுதான் அந்தத் தாளை நிரப்பச் சொன்னார்கள். டிக் போட்ட தாள் யாரைக் காப்பாற்றும்?

இரண்டு தியேட்டருக்கு ஒரே சர்க்குலேட்டிங் நர்ஸ். பாதி எண்ணும்போதே "சிஸ்டர், அங்கே ஓடுங்கள்" என்று குரல் வரும். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் போராடினார்களே, அப்போது அவர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இன்று நியாயம் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அன்று பேசினார்கள்? பழி வரும்போது மட்டும் நாங்கள் கண்ணில் படுகிறோம்.

அந்தச் சகோதரியைத் திட்டும் முன் மருத்துவமனையிடம் கேளுங்கள். அந்த அறுவையின்போது பணியில் எத்தனை பேர் இருந்தார்கள்? கணக்கு குறைகிறது என்று அவர் சொன்னாரா? சொல்லியிருந்தால், நிறுத்தாமல் தைத்தது யார்?