ஸ்கேன் சரியாக இருந்தால் மூளையதிர்வே இல்லை என்பது தவறு

“சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் தலையில் ஒன்றுமில்லை, மூன்று வாரம் கழித்தும் தலைவலி என்பவர் வேலைக்குப் போக மனமில்லாதவர்” என்று தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஐயா ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி ஒரு வீட்டிலாவது அடிபட்டவரை ஏசத் தொடங்கிவிடுவார்களோ என்ற கவலையில் எழுதுகிறேன்.

அந்த ஸ்கேன் மண்டையோட்டு முறிவையும் இரத்தக்கசிவையும் கண்டறிவதற்கானது. மூளையதிர்வோ, தலையில் அடிபடுவதால் மூளை இயங்கும் விதத்தில் ஏற்படும் குலைவு என்பதால் பெரும்பாலும் படத்தில் தெரியாது. பலர் சில வாரங்களில் தேறினாலும், தலைவலி, கிறுகிறுப்பு, மறதி, எரிச்சல், தூக்கக்கேடு ஆகியவை சிலருக்கு மூன்று மாதங்களைத் தாண்டியும் நீடிப்பதுண்டு.

கானாடுகாத்தானில் பழைய வீடொன்றைப் புதுப்பிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்த என் கணவருக்கும் ஸ்கேன் சரியாகவே இருந்தது. ஆனால், கலவைக்கு அளவு சொன்னால் மறுநிமிடமே மறந்துவிடும் நிலையில், கொத்தனாரான அவர் அதை எவரிடமும் சொல்லக் கூசி, இரண்டு மாதம் தனக்குள்ளேயே குமைந்தார். நானும் முதலில் அதைச் சோம்பல் என்றே எண்ணினேன். அது இன்றும் உறுத்துகிறது.

இருட்டறையில் மாதக்கணக்கில் படுக்கவைக்கச் சொல்வதும் சரியன்று. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. பிறகு, தொந்தரவு பெரிதாகக் கூடாத அளவுக்கு நடை, சிறு வேலை என்று மருத்துவர் சொற்படி படிப்படியாகக் கூட்ட வேண்டும். மீண்டும் தலையில் அடிபடும் ஆபத்து இருப்பதால், அடிபட்டவர் முழுதும் தேறும்வரை அவரைச் சாரம் ஏற விடாதீர்கள். தலைவலி கடுமையாகிக்கொண்டே போதல், தொடர் வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், உடனே 108-ஐ அழையுங்கள்.