மணலே இல்லாமல் பங்கரில் அடிக்கப் பழகு என்றால் எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோல்ஃப் கற்றுக்கொள்ள ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் நின்று நான் உருப்படியாகப் பயிற்சி எடுத்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறாது. வயிறு எரிகிறது.

நான் போகும் மைதானத்தில் மாதம் தவறாமல் காசு வாங்குகிறார்கள். பயிற்சிக்கென்று ஒரு பங்கரும் இருக்கிறது, பெயருக்கு. மழையில் நனைந்து காய்ந்து மேல்மணல் ஓடு மாதிரி இறுகிவிட்டது. ஓரமெல்லாம் புல். காலை ஊன்றினால் தடம்கூட விழவில்லை. மட்டை தரையில் மோதி எகிறி, பந்தின் வயிற்றில் பட்டு, பந்து குழி இருக்கும் கிரீனைத் தாண்டிப் பறக்கிறது. கேட்டால் அடுத்த வாரம் மணல் கொட்டுவோம் என்கிறார்கள். மூன்று மாதமாக இதே பதில். கடலோர ஊரில் மணலுக்கா பஞ்சம்?

பாடமெல்லாம் செயற்கைப் புல் விரிப்பில்தான். "முதலில் பந்து, அப்புறம் தரை" என்று அங்கே ஆறு மாதம் சொல்லிச் சொல்லிக் கையைப் பழக்கிவிட்டார்கள். பங்கரில் எல்லாம் நேர்மாறு. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் மட்டை இறங்க வேண்டும். மட்டை பந்தைத் தொடவே கூடாது. மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். மணலில் அடிப்பதற்கென்றே உள்ள சாண்ட் வெட்ஜ் மட்டையின் அடிப்பாகம் தடித்து உருண்டிருப்பதே புதைந்து போகாமல் வழுக்கிச் செல்லத்தான். மணலில் ஒரு கோடு கிழித்து, பந்தே வைக்காமல் அந்தக் கோட்டை ஐம்பது தடவை அடித்தால்தான் இது கைக்குப் பிடிபடும். "பயப்படாம ஓங்கி அடி தம்பி" என்று கூட ஆடுகிறவர்கள் கத்துவதால் வராது. ஆட்டத்துக்கு நடுவில் பழகிக்கொள்ளவும் வழியில்லை. ஒத்திகை வீச்சில் மட்டை மணலைத் தொட்டாலே இரண்டு ஸ்ட்ரோக், அதாவது இரண்டு அடி, அபராதம். சரி, அப்படியென்றால் எங்கே போய்த்தான் கற்றுக்கொள்வது?

இதே ஊரில் 1963இல் கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் நேட்டால் ஓபன் போட்டியை வென்றார். இந்தியர் என்பதால் அவரைக் கிளப்புக்குள் விடாமல், கொட்டும் மழையில் வெளியே நிறுத்திக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. இப்போது உள்ளே விடுகிறார்கள், காசும் வாங்குகிறார்கள், ஒரு லாரி மணல் கொட்ட மட்டும் மனசு வரவில்லை!

ஆட வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன ஞாயிறு ஏழாவது குழியின் பங்கரில் என் பந்து யாரோ விட்டுப்போன ஷூ தடத்துக்குள் விழுந்தது. குதிகால் பதிந்த பள்ளத்தில் பாதிப் பந்து மறைந்து கிடக்கிறது. மணலை வாரும் ரேக் இரண்டு எட்டுத் தள்ளி. தன் காலடியை இழுத்துச் சமப்படுத்த அரை நிமிடம் ஆகுமா? பழகினவனுக்கே அது பாடு. எனக்கு வெளியே வர நான்கு ஸ்ட்ரோக் ஆயிற்று. பிறகு ரேக்கை எடுத்து என் தடத்தையும் அந்த ஆளின் தடத்தையும் சேர்த்தே வாரிவிட்டு வந்தேன். கோபத்தில் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.