உலகம் அழிந்த பிறகும் துணி துவைப்பது யார்?

பேரழிவுக்குப் பிந்தைய உலகத்தைக் காட்டும் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். ஆனால் பிணங்கள் எழுந்து நடப்பதிலும் மண்டை பிளப்பதிலும் என் கண் அதிகம் போவதில்லை. யார் அடுப்பு மூட்டுகிறார்கள், யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்றுதான் பார்ப்பேன். கெட்ட பழக்கம்தான், கூட உட்கார்ந்து பார்ப்பவர்கள் எரிச்சலாகிவிடுகிறார்கள்.

2010இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர் ‘தி வாக்கிங் டெட்’, முதல் சீசன், மூன்றாவது எபிசோடு. உயிர் பிழைத்த கொஞ்சம் பேர் ஒரு கல்குவாரிப் பக்கம் கூடாரம் போட்டிருக்கிறார்கள். குவாரித் தண்ணீரில் நான்கு பெண்கள் குனிந்து துணி துவைக்கிறார்கள். அதே தண்ணீரில், கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி இருக்கும் ஷேன் ஒரு சிறுவனோடு தவளை பிடிக்கிறான். துவைப்பவர்களில் ஒருத்தியான கரோல் என்பவளின் கணவன் எட் சிகரெட் ஊதியபடி மேற்பார்வை பார்க்கிறான். இந்த வேலையெல்லாம் நம் தலையில் எப்படி விழுந்தது என்று ஜாக்கி கேட்கிறாள். அது அப்படித்தான் என்கிறாள் கரோல்.

தொடர் தெரிந்தேதான் இதைக் காட்டுகிறது, மறுக்கவில்லை. பெண்கள் தங்களுக்குள் பேசிச் சிரிப்பது எட்டுக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் கரோலை அறைகிறான். ஷேன் ஓடிவந்து எட்டின் முகத்தைப் பேர்த்துவிடுகிறான், அதிலும் பாதி, தன்னோடு உறவில் இருந்த லோரி விலகிப்போன ஆத்திரம். சரி, கெட்டவனுக்கு அடி விழுந்தது. ஜாக்கி கேட்ட கேள்வி என்ன ஆயிற்று? துணியோடு தண்ணீரில் போய்விட்டது. இரண்டாவது சீசனில், அன்று துவைத்தவர்களில் ஒருத்தியான ஆண்ட்ரியா துப்பாக்கியோடு காவலுக்கு நிற்கும்போது, வீட்டு வேலையில் கைகொடுப்பதில்லை என்று கடிந்துகொள்பவள் லோரி. ஒரு பெண்ணைக் கண்டிக்க இன்னொரு பெண்ணை அனுப்புவது திரைக்கதைக்காரர்களுக்கு எவ்வளவு வசதி!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “அதுதாங்க யதார்த்தம். சட்டம், போலீஸ் எல்லாம் போனால் மனிதன் பழைய நிலைக்குத்தான் திரும்புவான்.” அப்படியா? 1963இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர்களை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். அந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, பெரும்பாலான மக்கள் வெறிபிடித்து ஓடுவதில்லை, முதலில் கைகொடுப்பது அக்கம்பக்கத்தவர்கள்தான் என்று. தவிர, யதார்த்தம் என்றால் எல்லாவற்றிலும் இருக்க வேண்டாமா? பெட்ரோல் சில மாதங்களிலேயே கெடத் தொடங்கும், ஆனால் கார்கள் வருஷக்கணக்கில் ஓடுகின்றன. புல்வெளி வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. பெண்களின் அக்குள் மழுமழு. மாதவிடாய் என்ற ஒன்று மனித குலத்தைவிட்டே போய்விட்டது போல. அடுப்படியில் யார் என்று கேட்கும்போது மட்டும் யதார்த்தம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

கறுப்பினப் பாத்திரங்களின் கதி தனி. மூன்றாவது சீசனில் டைரீஸ் அறிமுகமாகும் அதே எபிசோடில் ஆஸ்கர் சாகிறான். ஒருவர் வந்தால் ஒருவர் போக வேண்டும் என்று யாரோ வரிசை எண் கொடுத்த மாதிரி.

2023இல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடர் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இந்தச் சின்ன விஷயங்கள்தான். பழைய பெட்ரோல் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது என்று நாயகன் ஜோயலே கூட வரும் சிறுமி எல்லிக்குச் சொல்கிறான். ஆறாவது எபிசோடில் எல்லிக்கு ஒரு மாதவிடாய்க் கோப்பை கிடைக்கிறது. அப்பாடா, யாரோ ஒருவருக்கு ஞாபகம் வந்ததே.

அப்புறம் அந்த மூன்றாவது எபிசோடு. அதில் வரும் பில், இந்த மாதிரிக் கதைகளில் நமக்கு நன்றாகப் பழகிய ரக ஆள்தான்: தாடி, பதுங்கு அறை, சுவர் நிறையத் துப்பாக்கி, யாரையும் நம்பாத முறைப்பு. அவன் தோண்டிவைத்த குழியில் ஃபிராங்க் வந்து விழுகிறான். இந்த முரடன் அவனுக்கு முயல் கறி சமைத்து, தட்டில் அழகாக வைத்து, பொருத்தமாக ஒயினும் ஊற்றுகிறான். ஃபிராங்க் வாயடைத்துப் போகிறான், நானும்தான். பிறகு வருஷக்கணக்கில் காதலர்களாக வாழும் அந்த இருவரின் பெரிய சண்டை எதைப் பற்றி? ஆளே வராத தெருவில் கடைகளுக்கு எதற்குப் பெயின்ட், எதற்குப் புல் வெட்ட வேண்டும் என்பதைப் பற்றி. இந்தத் தெருவில் மட்டும் புல்லை வெட்டியது யார் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் ஃபிராங்க் பில்லின் கண்ணில் படாமல் வளர்த்த ஸ்ட்ராபெர்ரியைக் காட்டுகிறான். கடித்ததும் பில் சின்னப் பையன் மாதிரி சிரித்துவிடுகிறான். அந்த விதைப் பொட்டலத்துக்கு ஃபிராங்க் பண்டமாற்றாகக் கொடுத்தது பில்லின் துப்பாக்கிகளில் ஒன்றை. சின்னதுதானாம்.