வரைபடம் படித்த பிள்ளைக்கு வேலைத்தளம் வேண்டும்

கிரேடு 9 முடியப் போகிறது, அடுத்த ஆண்டுக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: சயன்ஸா, அக்கவுண்டிங்கா? கட்டட வேலை கற்றுத்தரும் சிவில் டெக்னாலஜி என்றால் "படிப்பு ஏறாத பிள்ளைக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. நேட்டாலில் நாம் இன்றும் கும்பிடும் பழைய கோயில்களை எழுப்பியவர்கள் கிறிஸ்டப்பா ரெட்டி, கொத்தனார் ராமசாமி பிள்ளை போன்றவர்கள். 1946-இல் தொடங்கிய எம்.எல். சுல்தான் டெக்னிக்கல் கல்லூரிக்கு சுல்தான் பெரியவர் தன் சொந்தப் பணத்தை அள்ளிக் கொடுத்ததும் நம் பிள்ளைகள் தொழில் கற்கத்தான்.

இந்தப் பாடங்கள் லேசானவையும் அல்ல. இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் அண்ட் டிசைன் என்ற வரைபடப் பாடம் எடுத்த பிள்ளை ஒரு வீட்டின் தரைப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத்தோற்றம் எல்லாம் அளவு பிசகாமல் வரைய வேண்டும். சிவில் டெக்னாலஜியில் கட்டுமானம், பிளம்பிங் சார்ந்த சிவில் சர்வீசஸ், மரவேலை என்று மூன்று பிரிவுகள். பெண் பிள்ளைகளும் தாராளமாக எடுக்கலாம். ஒன்று மட்டும் பெற்றோர் கவனியுங்கள்: கணக்கு கஷ்டம் என்று மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) என்ற எளிய கணக்குப் பாடத்துக்கு மாற்றிவிட்டால், பிறகு பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் கேட்டாலும் கிடைக்காது. தொழில் பாடங்களோடு வரும் டெக்னிக்கல் மேத்ஸ் எடுத்தால், அதை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

சரி, பள்ளி தன் பங்கைச் செய்கிறது. அப்புறம்தான் சிக்கல். டிவெட் என்னும் அரசுத் தொழிற்கல்லூரியில் என்6 என்ற கடைசி நிலை வரை தேறினாலும் வேலை அனுபவம் காட்டாமல் டிப்ளோமா கைக்கு வராது. கைத்தொழிலாளியாகத் தகுதி பெற எழுதும் டிரேட் டெஸ்டுக்கும் அப்படித்தான். தேர்வில் தேறிய பிள்ளை, சேர்த்துக்கொள்ள ஆளில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரிலேயே எத்தனை கான்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள்! ஆளுக்கு ஒரு பிள்ளையையாவது சேர்த்துக்கொண்டால் என்ன? அரைகுறையாகக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 2024 மே மாதம் நம் நாட்டின் ஜார்ஜ் நகரில் பார்த்தோம். கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து 34 பேர் இறந்துபோனார்கள். முறையாகப் பயின்ற கைகள் இந்த நாட்டுக்கு அவ்வளவு தேவை.

கோயில் கமிட்டிகளிடமும் ஒன்று கேட்கிறேன். திருப்பணிக்கு இந்தியாவிலிருந்து ஸ்தபதிகளை வரவழைக்கிறீர்கள். அவர்கள் இங்கே இருக்கும்போது கிரேடு 11 பிள்ளைகள் நாலு பேரை விடுமுறையில் அனுமதியுங்கள். சாரத்தில் ஏற்ற வேண்டாம். தலைக்கவசம் போட்டுக் கீழே நின்று அளந்து வரையட்டும், ஸ்தபதியிடம் கேள்வி கேட்கட்டும். வரைந்த தாள்களைப் பள்ளி ஆசிரியர் திருத்தித் தரட்டும். அடுத்த திருப்பணிக் கூட்டத்தில் இதை யாராவது எடுத்துப் பேசுங்கள்.