கண்ணாடி வழியே பார்த்தால் அது உற்றுநோக்கல் முறையா?

உளவியல் தாளில் இரண்டு மதிப்பெண் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஏன் போனது என்று கேட்கச் சென்றபோது கிடைத்த விளக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. 1961-இல் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய போபோ பொம்மை ஆய்வு (பெரியவர் ஒரு பொம்மையை அடிப்பதைப் பார்க்கும் குழந்தைகளும் அப்படியே செய்கிறார்களா என்று பார்த்தது) எந்த முறையைச் சேர்ந்தது என்பது கேள்வி. சோதனை முறை என்று எழுதினேன். விடைக்குறிப்பில் உற்றுநோக்கல் முறை என்று இருந்தது. குழந்தைகளைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துத்தானே குறித்தார்கள் என்றார்கள்.

பார்த்தார்கள்தான். ஐந்து விநாடிக்கு ஒரு முறை வீதம் இருபது நிமிடம் குறித்தார்கள். ஆனால் அது விளைவை அளந்த வழி மட்டுமே. அதற்கு முன்பே 72 குழந்தைகளைப் பிரித்து, 24 பேருக்குப் பொம்மையை அடித்து உதைக்கும் பெரியவரையும், 24 பேருக்கு அமைதியாக விளையாடும் பெரியவரையும் காட்டி, மீதி 24 பேரை எவரையும் காட்டாமல் கட்டுப்பாட்டுக் குழுவாக வைத்திருந்தார்களே, அது எந்தக் கணக்கில் சேரும்? சாரா மாறியை, அதாவது காரணமாக இருக்கக்கூடும் என்று கருதும் அம்சத்தை, ஆய்வாளரே மாற்றியிருக்கிறார் என்பதைப் பார்க்காமல், அறையில் இருந்த கண்ணாடியைப் பார்த்து முறையின் பெயரைச் சொல்வது என்ன நியாயம்? தாய் பிரிந்து திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்த மேரி எயின்ஸ்வொர்த்தின் புதிய சூழல் ஆய்விலும் குழந்தைகளைக் கண்ணாடி வழியேதான் பார்த்தார்கள். அங்கே எல்லாக் குழந்தைகளும் ஒரே வரிசையில் ஒரே நிகழ்வுகளைக் கடந்தார்கள், குழு பிரித்து எதையும் மாற்றிக் காட்டவில்லை. ஆகவே அது கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் செய்த உற்றுநோக்கல். அதே விடைக்குறிப்பு, ஆய்வகத்தில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அதைச் சோதனை முறை என்கிறது!

இது தேர்வுத்தாளோடு முடிகிற தவறாக இருந்தால் இவ்வளவு குமுற மாட்டேன். குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச வருகிறவர்கள் வால்டர் மிஷெலின் மார்ஷ்மெல்லோ ஆய்வைச் (உடனே தின்னாமல் காத்திருந்தால் இன்னும் நல்ல தின்பண்டம் கிடைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லி, எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று பார்த்தது) சொல்லி, மிட்டாய்க்குக் காத்திருக்கப் பழக்கினால் பிள்ளை பிற்காலத்தில் ஜெயிக்கும் என்று பெற்றோரை நம்ப வைக்கிறார்கள். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வெவ்வேறு முறைகள் இருக்கின்றன. தின்பண்டம் கண்முன் இருந்தபோதும் மறைத்து வைக்கப்பட்டபோதும் குழந்தைகள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று 1970-இல் ஒப்பிட்டது சோதனை. மறைத்து வைத்ததால்தான் கூடுதல் நேரம் காத்திருந்தார்கள் என்று அங்கே காரணம் சொல்லலாம். காத்திருந்த நேரத்தையும் அதே பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்ற தேர்வு மதிப்பெண்ணையும் பொருத்திப் பார்த்து 1990-இல் வெளியானது உடன்தொடர்பு ஆய்வு, அதாவது எதையும் மாற்றாமல் இரண்டு அளவுகள் சேர்ந்து கூடிக் குறைகின்றனவா என்று மட்டும் பார்ப்பது. பொறுமையை யாரும் யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. பொறுமையோடு வீட்டு வசதியும் சேர்ந்தே வந்திருக்கலாம். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வில் அந்தத் தொடர்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. குடும்பப் பின்னணியையும் இளவயது அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது. முறையைப் பிரித்தறியத் தெரிந்திருந்தால், 1990-இலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

நேற்று அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி அதே விடைக்குறிப்பின் ஜெராக்ஸோடு வந்து, "அக்கா, பண்டூராவுக்கு எதை எழுதட்டும்?" என்று கேட்டாள். சோதனை முறை என்றுதான் எழுதச் சொன்னேன். அவளுக்கும் இரண்டு மதிப்பெண் போகும்.